கடவுச்சொல் யாரிட்ட இருக்கு?



போன மாதம் ஒரு சனிக்கிழமை தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன். எங்கட முதியவர்கள் கிழமைக்கு ஒருக்கா கூடுகிற இடம். தேத்தண்ணி, பேச்சு, கொஞ்சம் உடற்பயிற்சி. அதோட கடிதம் வாசித்துச் சொல்வது, படிவம் நிரப்பிக் குடுப்பது. என்னைக் கூப்பிட்டது கணினி வேலைக்கு. "தம்பி, மூன்று கிழமையா ஈமெயில் திறக்குதில்லை" என்றார் செயலாளராக இருக்கிற அக்கா.

ஏழெட்டு வருசத்துக்கு முதல் ஒரு பெடியன் அந்தக் கணக்கைத் தன்ர கைப்பேசி எண்ணில் திறந்து குடுத்திருக்கிறார். பிறகு வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போயிட்டார்; எண்ணும் மாறிப்போச்சு. உறுதிப்படுத்தும் குறியீடு இப்ப அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகுது. மண்டப வாடகை ரசீது, உறுப்பினர் பட்டியல், பாதி எழுதின மானிய விண்ணப்பம் எல்லாம் உள்ளுக்குள்ள. அந்தப் பெடியனில் பிழை இல்லை. சம்பளமில்லாமல் இரவிருந்து செய்து குடுத்தவர். ஒரு அமைப்பின் நினைவு முழுவதையும் ஒரு ஆளின்ர பொக்கற்றுக்குள் வைத்தது எங்கட பிழை.

இதைச் சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். 2024 முடிவோடு வதிவிட அட்டைகள் காலாவதியாகி, குடிவரவு நிலையை நிரூபிப்பது இணையக் கணக்குக்குள் போய்விட்டது. யூனிவர்சல் கிரெடிட் விண்ணப்பமும் பெரும்பாலும் இணையத்தில்தான். அரசு அலுவலகத்தில் சம்பளத்துக்கு ஆள் இருந்து செய்த வேலையை இப்ப ஒரு தொண்டர் பழைய மடிக்கணினியில் செய்கிறார். 2020இலும் 2022இலும் குறொய்டன் கவுன்சில் கையில் காசில்லை என்று 114ஆம் பிரிவு அறிவித்தல் விட்டது. 2024இல் நான்கு நூலகங்களை மூடியது. கணினிக்கு முன்னால் ஒருவரை இருத்தி உதவி செய்யக்கூடிய பொது இடங்கள் குறையக் குறைய, ஆட்கள் இப்படியான மண்டபங்களுக்குத்தான் வருவினம்.

கம்பனிகள் தொண்டு அமைப்புகளுக்கு இலவசமாத் தருகினமே என்று சிலர் கேட்பினம். தருகினம், தங்கட நிபந்தனையில். சிறு அமைப்புகள் நம்பியிருந்த ஒரு இலவச மென்பொருள் மானியத்தை மைக்ரோசொஃப்ற் 2025 யூலையில் நிறுத்தியது. அதே ஆண்டு ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்தது. நல்லா ஓடுகிற எத்தனையோ கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. இங்கிலாந்தில் ஆண்டு வருமானம் 5,000 பவுணுக்குக் குறைந்த அமைப்புகள் பெரும்பாலும் அறக்கொடை ஆணையத்தில் பதியத் தேவையில்லை. ஆனால் பதிவு எண் கையில் இல்லாமல் இந்தச் சலுகைகளைக் கேட்கப் போனால் இழுபறிதான். ஆக வறிய அமைப்புக்குத்தான் கதவு இறுக்கம்.

எங்களுக்கென்றே ஒரு தலையிடியும் இருக்கு: பாமினி. அந்த மடிக்கணினியில் இருந்த பழைய கூட்டக் குறிப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்குது. எழுத்துருவைப் போட்டால் வாசிக்கலாம். ஆனால் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. யூனிக்கோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கு, செய்யத்தான் ஆளில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள். தன்னார்வலர் உழைப்பில் எங்கட எழுத்துகளை எவ்வளவு காப்பாற்றலாம் என்பதற்கு அது சாட்சி.

பொதுப் பணத்தில் மக்களுக்குத் தொழில்நுட்ப உதவி என்பது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. 1980களில் லண்டன் பெருநகர சபை 'தொழில்நுட்ப வலையமைப்புகள்' என்ற பெயரில் மக்களுக்கான பட்டறைகளை நடத்தியது. லூக்காஸ் தொழிலாளர்களின் மாற்றுத் திட்டத்தில் முன்னின்ற மைக் கூலிதான் அதை வழிநடத்தினார். 1986இல் தட்சர் அரசு அந்தச் சபையையே கலைத்தது. அந்தக் கோரிக்கையை நாங்கள் திரும்ப எழுப்ப வேணும்.

அதுவரைக்கும் சில வேலைகளை நாங்களே செய்யலாம். கணக்குகளை ஆளின்ர பெயரில் திறக்காமல் அமைப்பின் பெயரில் திறவுங்கோ. மீட்பு விபரம் இரண்டு பேரிட்ட இருக்கட்டும். ஒரு பிரதி தாளில் எழுதி மூடிய உறைக்குள் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவுக்கும் இரண்டு நிர்வாகிகள் வேணும். முக்கியமாக, செய்து குடுத்துவிட்டுப் போகாமல் சொல்லிக் குடுங்கோ. பத்து வருசமா கொப்பியில் ஒரு பென்ஸ் பிசகாமல் கணக்கெழுதுகிற அக்காவுக்கு "உங்களுக்கு விளங்காது, நான் செய்யிறன்" என்று சொல்வதில் ஆணாதிக்கமும் இருக்கு. நானும் அப்படிச் சொன்னவன்தான்.

பழைய கணக்கு இன்னும் திறபடவில்லை. புதிது ஒன்று திறந்தோம். தட்டச்சு செய்தது அக்கா. நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நான் தனியச் செய்திருந்தால் பத்து நிமிசம். ஆனால் அடுத்த முறை கணக்குப் பூட்டுப்பட்டால் அவ என்னைத் தேடத் தேவையில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் உங்களால் வர முடியுமென்றால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும். உங்கட அமைப்பின் கடவுச்சொல் யாரிட்ட இருக்கு என்பதையும் இண்டைக்கே ஒருக்கா விசாரியுங்கோ.

தோழமையுடன்.