16 வயதோடு முடிந்துவிடுமோ பிள்ளையின் உரிமை?

ஐந்து வயதுப் பிள்ளை பேசவில்லையென்றால் ஊரே கூடி ஆலோசனை கூறுகின்றது. அதே பிள்ளை மீசை அரும்பி நிற்கும்பொழுது ஊர் வாயை மூடிக்கொள்கின்றது. அரசாங்கம் கண்ணை மூடிக்கொள்கின்றது. ஓட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தோடு பிறந்தோர் என்றும் சிறுவராகவே இருப்பர் என்று எண்ணுகின்றனரா? அவர்களும் வளர்கின்றனர்; ஆண்களாகின்றனர், பெண்களாகின்றனர். “எமக்குப் பின் யார்?” என்ற கேள்வியே அவர்தம் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கின்றது.

அரசாங்கத்தை நாம் கேட்கின்றோம். அங்கவீனர் உரிமைச் சட்டம் 1996 இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. கட்டாயக் கல்வியின் எல்லை 16 வயதாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான். 17 ஆம் வயதில் அப்பிள்ளை எங்கே போவது? அரச சேவையில் நூற்றுக்கு 3 இடம் அங்கவீனருக்கு என்று 1988 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறிற்று. அவ்விடங்களில் ஓட்டிசமுடையோர் எத்தனை பேர்? கணக்கை வெளியிடட்டும். இந்தியா 1999 இலேயே தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றி, 18 வயது கடந்த இத்தகையோருக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டக் குழுக்களுக்கு வழி செய்தது. இங்கு அத்தகைய ஏற்பாடு வேண்டாமா?

வெருகலாற்றைக் கடக்கப் பாலம் அமைத்தனர், வரவேற்கின்றோம். ஆயினும், மூதூரும் கிண்ணியாவும் கடந்து திருகோணமலைக்குச் சென்றுவர ஒரு நாட்கூலியை இழக்கும் வெருகல் உழவன், மாதந்தோறும் பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்வது எங்ஙனம்? பயிற்சி அவன் பிரதேசத்துக்கே வரவேண்டும், தமிழிலே வரவேண்டும். பேச்சையே பாடுபட்டுக் கற்கும் பிள்ளைக்குத் தாய்மொழி சலுகையன்று, உயிர்நாடி.

அரசாங்கத்தைக் குறைகூறி நாம் கைகட்டி நிற்றலும் தகாது. 1943 இல் மருத்துவர் லியோ கனர் எழுதிய ஓட்டிசக் கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன், அமெரிக்காவின் டொனால்ட் ட்ரிப்லெட். அவனைச் சில ஆண்டுகள் ஓர் உழவர் தம்பதியர் வளர்த்தனர். சோளவரிசைகளை ஓயாது எண்ணிய அவனை, உழுதுகொண்டே எண்ணும்படி செய்தனர்; அளப்பதில் பித்துக்கொண்ட அவனைக் கிணறு தோண்டி ஆழத்தைக் கூறும்படி செய்தனர். பின்னர் அவர் பட்டம் பெற்று, வங்கியில் பணியாற்றி, 2023 இல் 89 ஆம் வயதில் மறைந்தார். அவர் குடும்பம் செல்வக் குடும்பமே. எனினும் அந்த உழவர் கையாண்டது செல்வமன்று; விவேகம். அக்கட்டுரையின் பிள்ளைகளை 1971 இல் மீண்டும் ஆராய்ந்த கனர், பெரிய விடுதிகளில் அடைக்கப்பட்டோர் நலிந்ததையே கண்டார்.

பெற்றோரே, அந்த விவேகம் வெருகல் வயலிலும் உண்டு. பன்னிரண்டு வயதிலேயே தொடங்குங்கள். குளிப்பதையும் உடுப்பதையும் அவனே செய்யட்டும். நேரம் சென்றாலும் பொறுத்திருங்கள். நாளின் வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். நாற்று முடிகளை எண்ணுதல், ஆட்டுக்குக் குழை போடுதல், கடையில் காசு கொடுத்து மிச்சம் வாங்குதல் ஆகியவற்றுள் ஒன்றை நாள்தோறும் அதே நேரத்தில் பழக்குங்கள். பருவ மாற்றத்தை முன்கூட்டியே விளக்குங்கள். பிறர் தொடும்பொழுது “வேண்டாம்” என மறுக்கவும் கற்பியுங்கள். பெண்பிள்ளைக்கு மட்டுமன்று, ஆண்பிள்ளைக்குந்தான். வயது வந்ததும் அடையாள அட்டை எடுங்கள். உடன்பிறந்தாரோடு எதிர்காலத்தை இன்றே பேசுங்கள். சுமையை மௌனமாக அவர்கள் தலையில் இறக்காதீர்கள்.

ஊராரே, வெருகற் கந்தன் திருவிழாவுக்கு எல்லோரும் திரளும் நாளில் இத்தகைய பிள்ளையைப் பூட்டிவைக்கும் வீடு ஒன்று இருப்பினும், அவமானம் அப்பிள்ளைக்கன்று, நமக்கே.

பிரதேச செயலகந்தோறும் தமிழில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம், 18 வயதுக்குப் பின் சட்டப் பாதுகாப்பு, 3 வீத இடங்களின் பகிரங்கக் கணக்கு: இம்மூன்றுமே எமது கோரிக்கை. வாக்குக் கேட்டு எமது படலைக்கு வருவோர் முதலில் இதற்கு விடை கூறட்டும்!