பூச்சியம் வேறு, ‘இல்லை’ வேறு

போன செமஸ்டர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் வினாக்கொத்து நிரப்பினோம். வருமானம் சொல்ல மறுத்த வீடுகளுக்கு ‘0’ எண்டு பதியச் சொன்னார் உதவிக்கு வந்த ஒரு அண்ணா. சராசரி எடுத்துப் பார்த்தால் ஊரே பட்டினி கிடந்தது! பிழையைப் பிடிக்க இரண்டு கிழமை போச்சு. அவரின் நியாயம் இதுதான்: “‘பதில் இல்லை’க்குத் தனி நிரல் வைச்சா இடம் வீண், தங்கச்சி. புரோகிராமிங்கிலயும் இப்பிடித்தான் செய்யிறது.”

அந்த நியாயம் பிழை. புரோகிராமிங்கிலேயே பிழை.

கலைப்பீடத்துக்காரிக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கிறவர்கள் கேட்கட்டும். எதை எந்த வகைக்குள் போடுவது என்பது எங்கட பாடமும்தான்.

1965இல் அல்கோல் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது டொனி ஹோர் ‘நல்’ என்பதைச் சேர்த்தார். ஒன்றையும் காட்டாத முகவரி அது. செய்ய லேசாக இருந்ததால் சேர்த்தார். அந்த வெற்று முகவரியை உண்மையான முகவரி எண்டு நம்பிப் போய் விழுந்த புரோகிராம்களுக்குக் கணக்கில்லை. 2009இல் அவரே அதைத் தன் பில்லியன் டொலர் தவறு என்று சொன்னார்.

2015இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட் மொழியில் இந்த வேலையை ‘எனம்’ என்ற வகை செய்கிறது. ஒரு பெறுமதி என்னென்னவாக இருக்கலாம் என்பதை முதலிலேயே பட்டியலிட வேண்டும். ‘ஒப்ஷன்’ அதில் ஒன்று: ‘இருக்கு, இதுதான்’ அல்லது ‘இல்லை’. இரண்டுக்கும் என்ன செய்வதெண்டு நீங்கள் எழுதாவிட்டால் கொம்பைலர் விடாது. ‘இல்லை’யை எடுத்துக் கூட்டவும் ஏலாது.

அப்ப இடம் வீண்தானே? இல்லை. 64 பிட் கணினியில் ஒரு முகவரிக்கு 8 பைட். ரஸ்டின் சாதாரண முகவரி ஒருபோதும் பூச்சியமாக இராது. அந்த வராத பூச்சியத்தைக் கொம்பைலர் ‘இல்லை’க்குக் கொடுக்கிறது. ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்ற முகவரிக்கும் அதே 8 பைட்தான். ஆம்/இல்லை என்ற பூலியன் ஒரு பைட்டின் 256 வடிவங்களில் இரண்டை மட்டும் பாவிக்கிறது. அதை ஒப்ஷனுக்குள் போட்டாலும் ஒரு பைட்தான். இதற்கு ‘நிச்’ ஒப்டிமைசேஷன் எண்டு பெயர்.

கவனியுங்கோ: அண்ணா கையால் செய்த அதே தந்திரத்தைத்தான் கொம்பைலரும் செய்கிறது. ஆனால் அது உண்மையாகவே வர முடியாத பெறுமதியை மட்டும் எடுக்கிறது. அண்ணா எடுத்த பூச்சியமோ வரக்கூடியது. வருமானமே இல்லாத வீடு ஊரில் இருக்கு.

இலவசம் எப்போதும் கிடைக்காது என்பதும் உண்மை. 32 பிட் முழு எண்ணில் எல்லா வடிவங்களும் பாவனையில் இருக்கு, வெற்றிடமே இல்லை. அதை ஒப்ஷனுக்குள் போட்டால் 4 பைட் 8 ஆகும். ‘இந்த எண் பூச்சியமாக வராது’ எண்டு வகையிலேயே சொன்னால் திரும்ப 4தான். நீங்கள் எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்களோ, அவ்வளவு மிச்சம். சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் அந்த 4 பைட்டைக் கொடுக்கத்தான் வேணும். அது நேர்மைக்கான விலை.

ஆகவே, ‘வேகம் வேணுமெண்டால் துல்லியத்தை விடு’ எண்டு இனி ஆரும் சொல்ல வேண்டாம். சோம்பலுக்கு வேகம் எண்டு பேர் வைத்ததுதான் நடந்தது. பதில் சொல்ல மறுத்த ஒரு அம்மாவை வருமானமில்லாதவ எண்டு எழுத எங்களுக்கு உரிமை இல்லை. அவவின் மௌனத்துக்கு ஒரு நிரல் வையுங்கோ. இடம் காணும்.