எல்லை தாண்டினால் என்ன விலை?

பாறசாலையையும் களியக்காவிளையையும் பிரிக்க ஆறும் இல்லை, மலையும் இல்லை. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறது, பஸ்களின் நிறம் மாறுகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டின் பலம் இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் தெரியும். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. தமிழர்கள் கணிசமாக வாழும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அன்று முதல் ரேஷன் கார்டு, பெட்ரோல் விலை, பாடப்புத்தகம், கல்லூரி இடம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். அந்தப் பக்கத்துப் பையன் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குப் போகிறான். இந்தப் பக்கத்துப் பையன் கேரள நுழைவுத் தேர்வு எழுதுகிறான். இருவர் வீட்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான் இருக்கும்.

அமெரிக்காவில் பொறியியல் படிக்கப் புறப்படும் இந்த வட்டாரத்து மாணவர்கள், பிறந்ததிலிருந்து தங்களுக்குத் தெரிந்த இந்த விஷயத்தை அங்கே மட்டும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களிலும் விலையைத் தீர்மானிப்பது மாநில எல்லைதான்.

அங்கே அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநில அரசின் பல்கலைக்கழகம். மாநிலத்துக்காரருக்கு ஒரு கட்டணம், வெளிமாநிலத்தாருக்கு வேறு கட்டணம். 2024-25 கல்வியாண்டில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் வாங்கிய சராசரி ஆண்டுக் கட்டணம் உள்மாநிலத்தவருக்கு 11,610 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 30,780 டாலர். தனியார் பல்கலைக்கழகங்களில் 43,350 டாலர். இது படிப்புக் கட்டணம் மட்டுமே. சாப்பாடும் தங்குமிடமும் தனி. இந்திய மாணவன் எந்த மாநிலத்துக்குப் போனாலும் வெளியாள்தான். இரண்டு வருஷம் அங்கேயே குடியிருந்தாலும், மாணவர் விசாவில் இருப்பவரை உள்ளூர்க்காரர் என்று பெரும்பாலான மாநிலங்கள் ஒப்புக்கொள்வதில்லை. ரேஷன் கார்டை மாற்றுவதுபோல அதை மாற்ற முடியாது.

ஆகவே, மலிவான பல்கலைக்கழகம் எது என்று கேட்பதைவிட, வெளியாளிடம் உள்ளூர் விலை வாங்கும் பல்கலைக்கழகம் எது என்று கேட்பதே சரியான கேள்வி. அப்படிப்பட்ட வாசல்கள் சில இருக்கின்றன.

டெக்சாஸ் மாநிலச் சட்டம் ஒரு வாசல். அங்கே அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், உள்ளூர் மாணவர்களோடு போட்டியிட்டு ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை பெறும் வெளியாளிடம் உள்மாநிலக் கட்டணம் வாங்க அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. உதவித்தொகை சிறியது, அதனால் குறையும் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. ஆர்லிங்டன், டல்லாஸ் நகரங்களை ஒட்டிய டெக்சாஸ் பல்கலைக்கழகக் கிளைகள், போமான்ட் நகரின் லமார் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இந்தியப் பொறியியல் மாணவர்கள் ஏராளம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் எத்தனை பேருக்கு இந்தச் சலுகை என்பதற்கு வரம்பு உண்டு. எல்லோருக்கும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது.

இரண்டாவது வாசல், கோட்டின் இரு பக்கமும் விலை அவ்வளவாக மாறாத மாநிலங்கள். தெற்கு டகோட்டாவின் ராப்பிட் சிட்டியில் 1885இல் தொடங்கப்பட்ட சுரங்க, தொழில்நுட்பக் கல்லூரி ஓர் உதாரணம். சிறிய கல்லூரி, கடுங்குளிர், பக்கத்தில் பெருநகரம் கிடையாது. ஆனால் உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளியூர்க் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளி மற்ற மாநிலங்களைவிடக் குறைவு. வாடகையும் நியூயார்க், கலிபோர்னியா அளவுக்கு இல்லை. 'யாரும் கேள்விப்படாத ஊர்' என்று உறவினர் முகம் சுளிப்பதற்கு விலை வைத்தால், பல லட்சம் மிச்சம்.

மூன்றாவது வாசல்தான் பெரியது: வேலையோடு சேர்ந்த படிப்பு. பேராசிரியருக்கு ஆராய்ச்சியிலோ வகுப்பிலோ உதவினால் கட்டணத்தில் ஒரு பகுதியை அல்லது முழுவதையும் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் தருகிறார்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. பொறியியலில் பிஎச்.டி.க்குச் சேர்பவர்களுக்கு இந்த உதவி வழக்கமாகக் கிடைக்கிறது. எம்.எஸ். மாணவர்களுக்குத் துறையைப் பொறுத்தது. பி.எஸ். எனப்படும் முதல் பட்டத்துக்குப் போகும் வெளிநாட்டவருக்கு மிக அரிது.

இதிலிருந்து ஒரு முடிவு தானே கிடைக்கிறது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை முதல் பட்டத்தை இங்கேயே முடிப்பது நல்லது. நெய்யாற்றின்கரையிலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில், 1939இல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு அப்பாலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் நான்கு ஆண்டுக்குச் செலவழிக்கும் பணத்தை இரண்டு ஆண்டு எம்.எஸ்.ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். நல்ல மதிப்பெண்ணும் உருப்படியான புராஜெக்டும் இருந்தால், அந்த இரண்டு ஆண்டுக்கும் உதவி கேட்க முகாந்திரம் உண்டு.

விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மாணவனுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைக்கிறது. முதலாவதில் ஆண்டுக் கட்டணம் 12,000 டாலர், வாழ்க்கைச் செலவு 13,000. உதவி எதுவும் இல்லை. இரண்டாவதில் கட்டணம் 28,000 டாலர், வாழ்க்கைச் செலவு 15,000. ஆனால் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, சம்பளமாக ஆண்டுக்கு 16,000. முதலாவது மலிவு என்று ஊரே சொல்லும். இரண்டு ஆண்டில் அதற்கு ஆகும் செலவு 50,000 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 45 லட்சம். இரண்டாவதில் இன்ஷூரன்ஸ், சில்லறைக் கட்டணங்கள், விமான டிக்கெட் போன்றவைதான் கையிலிருந்து போகும்.

அந்த 45 லட்சம் எங்கிருந்து வருகிறது? பாறசாலைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, பாலராமபுரத்தில் ஒரு நெசவாளி வீட்டிலிருந்து, அல்லது வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்து வாங்கிய சில சென்ட் நிலத்திலிருந்து. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் கைப்பணமும் போடவேண்டும். இந்த எல்லையில் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. குடும்பச் சொத்து பல நேரம் கோட்டின் இரு பக்கமும் கிடக்கிறது. தமிழ்நாட்டு நிலத்துக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. கேரள நிலத்துக்கு வில்லேஜ் ஆபீஸின் கைவசச் சான்று, கரம் கட்டிய ரசீது, இட வரைபடம். ஒன்று தமிழில், மற்றது மலையாளத்தில். எந்தச் சொத்தை வைப்பது, எந்தப் பக்கத்துக் கிளையில் கேட்பது என்பதை அனுமதிக் கடிதம் வந்தபிறகு யோசித்தால் காலம் போய்விடும். விண்ணப்பிக்கும்போதே வங்கி மேலாளரிடம் பேசிவிட வேண்டும். வகுப்பு தொடங்குவதற்குள் முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் ஐ-20 படிவம் வரும். அது வந்தால்தான் விசா.

45 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை 59,000 ரூபாய்க்கு மேல். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. அமெரிக்கச் சம்பளத்தில் இது பெரிய தொகை இல்லை. அங்கே வேலை கிடைக்காவிட்டால்? பொறியியல் மாணவர்கள் படித்து முடித்ததும் ஓர் ஆண்டும், 2016இல் வந்த விதிப்படி மேலும் 24 மாதங்களும் பயிற்சியாக வேலை பார்க்க வழி இருக்கிறது. அதற்குப் பிறகு எச்-1பி விசா வேண்டும். அதன் வழக்கமான ஆண்டு உச்சவரம்பு 85,000. கேட்பவர்களோ அதைவிட மிக அதிகம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். அங்கேயே படித்துவிட்டு விசா நிலையை மாற்றிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. அதே ஆண்டு மே இறுதியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதையே சில வாரங்கள் நிறுத்திவைத்தார்கள். படிக்கப் போகிறவனால் இவற்றில் எதையும் மாற்ற முடியாது. கடனின் அளவை மட்டும்தான் மாற்ற முடியும்.

எனவே பாதுகாப்பான அளவுகோல் ஒன்றே ஒன்று: ஊருக்குத் திரும்பி வந்து, டெக்னோபார்க்கிலோ நாகர்கோவிலிலோ சென்னையிலோ கிடைக்கும் சம்பளத்தில் கட்டக்கூடிய கடன்தான் நியாயமான கடன். அந்தத் தொகைக்குள் வரும் பல்கலைக்கழகம்தான் அந்தக் குடும்பத்துக்கு மலிவான பல்கலைக்கழகம்.

மலிவு தேடும் கூட்டத்தை நம்பிப் பிழைப்பவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தில் 2011 ஜனவரியில் சோதனை நடந்தது. அது விசாவுக்காக நடத்தப்பட்ட கடை என்று தெரிந்தது. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். சிலர் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது. நடத்திய பெண்மணிக்கு 2014இல் 16 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை. 2019இல் வெளியான மிச்சிகன் விவகாரம் இன்னும் விசித்திரம். 'ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் அரசின் குடியேற்றத் துறையே வலை விரித்திருந்தது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கைதானவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதிகாரபூர்வப் பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. எனவே பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறையில் ஆசிரியர்கள் யார், இந்த ஆண்டு என்ன பாடம் நடக்கிறது, அங்கே நடத்தும் பொறியியல் முதல் பட்டத்துக்கு 'ஏபெட்' அங்கீகாரம் உண்டா, இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் பேச முடியுமா என்று பார்க்கவேண்டும். வகுப்புக்கு வரவேண்டாம், வேலைக்குப் போகலாம் என்று சொல்லும் இடம் எவ்வளவு மலிவானாலும் விலை அதிகம்தான்.

வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சிகளை எல்லாம் மோசம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பல்கலைக்கழகங்களிடமிருந்து கமிஷன் வருகிறது. கமிஷன் தராத நல்ல இடம் அந்தப் பட்டியலில் ஏறாமல் போகலாம். இலவசமாகத் தகவல் சொல்ல சென்னையில் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளையின் ஆலோசனை மையம் இருக்கிறது. விசாவுக்கும் கேரளத்துக்காரர்கள் சென்னைத் துணைத் தூதரகத்துக்கு வரலாம். நெய்யாற்றின்கரை வழியே ஓடும் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம்.

அரசு உதவியிலும் கோடு குறுக்கே வருகிறது. தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் தமிழ்நாட்டுக்காரருக்கு. தாய்மொழி தமிழ் என்பதால் பாறசாலைக்காரர் அதைக் கேட்க முடியாது. அவர் கேரள அரசின் தாழ்த்தப்பட்டோர், பிற்பட்டோர் நலத் துறைகளின் திட்டங்களைப் பார்க்கவேண்டும். கோடு பார்க்காதது மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. தாழ்த்தப்பட்டோரோடு, நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும்தான் அது. இடங்கள் குறைவு. உலகத் தரவரிசையில் முன்னணியில் உள்ள பல்கலைக்கழகமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமல் விடுவது மட்டும்தான் தவறு.

உதவித்தொகையோடு இடம் தரும் பட்டமேற்படிப்புக் கல்லூரிகளில் பெரும்பாலானவை, ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை வற்புறுத்துவதில்லை என்று தங்களுக்குள் உடன்பாடு வைத்திருக்கின்றன. அதுவரை பேரம் பேசலாம். துறைக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, வேறோர் இடத்தில் கிடைத்த உதவியைச் சொல்லி, 'இங்கே ஏதாவது தள்ளுபடி உண்டா?' என்று கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் என்ன விலை என்று விசாரித்த பிறகே பையை நீட்டும் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. களியக்காவிளைச் சந்தையில் செய்வதை டெக்சாஸிலும் செய்யவேண்டும். அங்கே விலை கேட்காமல் கையெழுத்துப் போட்டால் போவது அப்பாவின் தோட்டம்.