சாப்மன் உடுத்த வேட்டி

பிரெடி ஸ்பென்சர் சாப்மன் என்னும் பெயரைக் கேள்வியுற்ற மாணவர் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருத்தல் கூடும். இரண்டாம் உலக மகாயுத்தத்திலே, மலாயாக் காட்டினுள் மூன்று ஆண்டும் நான்கு மாதமும் கரந்துறைந்து யப்பானியரை எதிர்த்து நின்ற ஆங்கிலேயப் போர்வீரர் அவர். டி.எஸ்.ஓ. என்னும் உயர்ந்த படைத்துறை விருதை இருமுறை பெற்றவர். இந்துக் கல்லூரியின் விழா மலரில், அதிலும் தமிழாசிரியன் ஒருவன் எழுதும் கட்டுரையில், இவ்வாங்கிலேயருக்கு இடம் என்னை என்று பழைய மாணவராகிய அன்பர்கள் வினவுதல் இயல்பே. இடம் உண்டு என்பது என் துணிபு. அவர் போர் புரிந்த களம் றப்பர்த் தோட்டம். அத்தோட்டத்தில் பால் வெட்டியோர் நம் இனத்தவர். அவர் பகைவர் கண்ணுக்குத் தப்பியதும் நம்மவர் உடையை உடுத்தே.

சாப்மன் 1907ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தார். பிறந்த சில நாளிலே தாயை இழந்தார். தந்தையார் 1916இல் சொம் போர்க்களத்தில் வீழ்ந்தார். வயது முதிர்ந்த பாதிரியார் ஒருவர் வீட்டில் வளர்ந்த அச்சிறுவனுக்கு மலையும் பறவையுமே தோழர் ஆயின. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் கற்றபின் 1930-31இல் கிறீன்லாந்தின் பனிப்பாலைக்குச் சென்ற ஆய்வுக் குழுவிற் சேர்ந்தார். 1936இல் திபெத்தின் தலைநகரான லாசாவுக்குப் பிரித்தானியத் தூதுக் குழுவுடன் போனார். அடுத்த ஆண்டு, ஏழாயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த சொமோல்காரிச் சிகரத்தை, பாசாங் தாவா லாமா என்னும் சேர்ப்பா ஒருவருடன் முதன்முதல் ஏறி முடித்தார். இவற்றுக்கு இடையில் அவர் செய்த தொழில் யாது? ஆசிரியத் தொழில்! ஸ்கொத்லாந்தில் உள்ள கோடன்ஸ்டன் பள்ளியில் அவர் கற்பித்த காலத்தில், பின்னாளில் எலிசபெத் அரசியாரின் கணவரான பிலிப் இளவரசர் அங்கே மாணவராயிருந்தார். ஆசிரியர் சிலர் விடுமுறையில் என்ன செய்கின்றனர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள இஃது ஓர் இடம், அதை விடுக.

யுத்தம் மூண்டதும் அவர் சிறப்புப் படைப் பயிற்சியாளர் ஆனார். 1941இல் சிங்கப்பூரில் அமைக்கப்பட்ட 101ஆம் இலக்கச் சிறப்புப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினால் பகைவர் அணிக்குப் பின்னே தங்கிப் போரிடுவதற்குச் சிறு குழுக்களை முன்கூட்டியே காட்டில் வைத்தல் வேண்டும் என்னும் திட்டம் அப்பள்ளியில் உருவாயிற்று. மேலிடம் அதனை மறுத்துவிட்டது. மலாயா வீழவும் கூடும் என்று வெள்ளையரே கருதுவதாக ஆசியக் குடிகள் அறிந்தால் அரசின்மேல் வைத்த மதிப்புக் குறைந்துவிடும் என்பது மறுப்புக்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. மதிப்பைக் காக்கப் போய் நாட்டையே இழந்தனர். 1941 டிசம்பரில் யப்பானியர் கரையிறங்கிய பின்னரே திட்டம் அவசர அவசரமாகக் கையில் எடுக்கப்பட்டது. 1942 சனவரியில் சாப்மன் காட்டினுள் நுழைந்தார்.

பெப்ரவரி மாதத்தின் முதல் இரு வாரங்களே அவர்தம் புகழின் அடித்தளம். பேராக்கின் தென்கோடியில் தஞ்சோங் மாலிம் என்னும் ஊரை அடுத்த பகுதியில், சார்ட்டின் என்னும் சார்ஜன்ட், ஹார்வி என்னும் றப்பர்த் துரை, சாப்மன் ஆகிய மூவரே இரவுதோறும் புறப்பட்டனர். ஏழு புகையிரதங்களைத் தடம் புரட்டினர். பதினைந்து பாலங்களைத் தகர்த்தனர். இருப்புப் பாதையை ஏறத்தாழ அறுபது இடங்களில் துண்டித்தனர். நாற்பது மோட்டார் வண்டிகள் அழிந்தன. செலவான வெடிமருந்து ஆயிரம் இறாத்தல். கைக்குண்டுகள் நூற்றுக்கு மேல். இருநூறு அவுஸ்திரேலிய வீரர் காட்டில் ஒளிந்திருப்பதாக யப்பானியர் எண்ணி ஈராயிரம் பேரை அனுப்பித் தேடினர் என்று சாப்மன் பிற்பாடு அறிந்து எழுதியிருக்கின்றார். பழந்தமிழ்ப் புறத்திணையில் இதற்கு நிகர் தேடுவோமாயின், பகைவர் அறியாவண்ணம் இரவிற் சென்று நிரை கவரும் வெட்சியைச் சொல்லலாம். ஆயினும் வெட்சி மறவன் தலையில் பூச்சூடிச் சென்றான். சாப்மன் குழுவினர் தலையில் இருந்தது வேறொன்று.

அதுவே என் கட்டுரைக்குப் பொருள். மூவரும் முகத்திலும் கைகாலிலும் கரிய சாயம் பூசி, இடுப்பில் வேட்டி சுற்றி, தலையில் அழுக்குத் துணியால் முண்டாசு கட்டி, தோட்டத்து இந்தியத் தொழிலாளரைப்போல வெளிக்கிட்டனர். மலாய்க்காரராகவோ சீனராகவோ நடிப்பதற்கு அவர்தம் உயரம் இடம் தரவில்லை என்பது வெளிப்படையான காரணம். உள்ளே வேறொரு காரணமும் இருத்தல் வேண்டும் என எனக்குத் தோன்றுகின்றது. ஒற்றர் துறவி வேடம் பூண்டு செல்வர் என்பதைத் திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்திற் கூறியிருத்தலை நாம் அறிவோம். துறவியை எவரும் தடுப்பதில்லை. எல்லா வாயிலும் அவருக்குத் திறக்கும். மலாயாவின் றப்பர்க் காட்டில் தோட்டத் தொழிலாளியையும் எவரும் தடுப்பதில்லை. மரியாதையினால் அன்று, அவனை ஒரு மனிதனாக எண்ணி நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் எவருக்கும் இல்லாமையினால். வெள்ளைக்காரத் துரைக்கும் இல்லை, யப்பானியச் சிப்பாய்க்கும் இல்லை. அந்தப் பார்வையின்மையையே சாப்மன் கவசமாக அணிந்தார். படைக்கலக் கொட்டிலில் கிடைக்காத கவசம்!

இரு வாரத்தில் வெடிமருந்து தீர்ந்தது. பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. ஹார்வி பின்னர் பிடிபட்டு, சிறையினின்றும் தப்ப முயன்றமையால் கொல்லப்பட்டார். அதன்பின் வந்த மூன்று ஆண்டுகளைச் சாப்மனின் வாழ்வில் மிக அரியனவாக நான் கருதுகின்றேன். அவற்றில் புகையிரதம் தகர்ந்த செய்தி இல்லை. மலேரியாக் காய்ச்சலும், அட்டைக் கடியும், ஆறாத புண்ணும், கிழங்குச் சோறுமே உண்டு. ஒருமுறை பதினேழு நாள் நினைவிழந்து கிடந்தார். சீனப் பொதுவுடைமையாளரின் கரந்துறை முகாம்களில் ஆயுதப் பயிற்சி கொடுத்தார். அஃதாவது, காட்டிலும் வாத்தியார் வேலையே பார்த்தார். பறவைகளைக் குறித்து வைத்தார், நாட்குறிப்பு எழுதினார். 1949இல் அவர் வெளியிட்ட நூலுக்குக் காடு எப்பக்கமும் சாராது என்று பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். காட்டைப் பகையென அஞ்சியோர் சில மாதத்துள் மாண்டனர், அதை நட்பென நம்பினாரும் ஏமாந்தனர் என்பது அவர் கண்ட உண்மை. பீல்ட் மார்ஷல் வேவல் பிரபு அந்நூலுக்கு முன்னுரை வரைந்தார்.

1944 மே மாதம் யப்பானியர் கையில் அகப்பட்டு, அன்றிரவே கூடாரத்தின் அடியால் நழுவித் தப்பினார். ஓராண்டு கழித்து, 1945 மே மாதம், பங்கோர்த் தீவுக் கடலில் பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அவரை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குக் கொணர்ந்தது. அக்காலத்தில் தென்கிழக்காசியக் கூட்டுப் படையின் தலைமைப் பாசறை மவுன்ட்பேட்டன் பிரபுவின் கீழ் நம் கண்டி மாநகரை அடுத்துப் பேராதனையில் இருந்தது. கண்டிக்குப் போகும் வழியிலே கேகாலை இருக்கின்றது. அவ்வழியே படைவண்டிகள் ஓடிய அந்நாட்களில், வழியோரத்து மலைச்சரிவுகளில் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதை நாம் கேட்டதுண்டா?

மலாயாவும் சாவாவும் சுமாத்திராவும் பகைவர் வசமானபோது, உலகின் இயற்கை றப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளுக்குக் கிட்டாமற் போயிற்று. மிஞ்சியவற்றுள் தலையாயது இலங்கை. கேகாலையிலும் இரத்தினபுரியிலும், எட்டியாந்தோட்டை தெரணியகலைச் சரிவுகளிலும் நின்ற மரங்கள் யுத்தப் பொருள் ஆயின. மரம் பட்டாலும் படட்டும், பால் மட்டும் நிற்றல் ஆகாது என்று முதிய மரங்களைப் பட்டை தீருமளவும் கொலைவெட்டாக வெட்டுவித்தனர். மரத்துக்கு இந்தக் கதியெனில் வெட்டிய கைக்கு என்ன கதி? பர்மா வீழ்ந்ததால் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி குறைந்தது. லயத்து அடுப்பில் கோதுமை மா பெரிதும் இடம் பிடித்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, வாளியும் கத்தியுமாக மழைச் சரிவில் ஏறிய பெண்கள் எடுத்த பாலில் ஓடின நேசப்படையின் சக்கரங்கள். யுத்தம் முடிந்து மூன்றாம் ஆண்டிலே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் வாயிலாக, அவருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். அக்கணக்கு முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியதாயிற்று. இதற்கு எந்த விருதும் இல்லை என்று சொன்னால் அது மிகக் குறைத்துச் சொன்னதாகும்.

கடலுக்கு அப்பாலோ கொடுமை இன்னும் பெரிது. திருச்சி, சேலம், தஞ்சை மாவட்டங்களிலிருந்து ஒரே காலத்தில் ஒருபாலார் இலங்கைக்கும் மற்றொருபாலார் மலாயாவுக்கும் கப்பலேறியவர் நம் மூதாதையர். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் பல. 1942இலும் 1943இலும் யப்பானியர் சீயத்திலிருந்து பர்மாவுக்கு நானூற்றுப் பதினைந்து கிலோமீற்றர் இருப்புப் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கூலி தருவதாகக் கூறியும் பிடித்திழுத்தும் கொண்டுபோயினர். அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேல். மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் என்பர். அவருட் பெருந்தொகையினர் தமிழர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு அழகிய கல்லறைத் தோட்டம் இருக்கின்றது. ஆளுக்கொரு கல், கல்லுக்கொரு பெயர். தமிழருக்கு அத்தகைய பெயர்க் கல் இல்லை. வீழ்ந்தவன் பெயரும் பீடும் பொறித்து நடுகல் எடுப்பது எங்கள் மரபு என்று மேடைதோறும் முழங்கும் நாம் இதனை எண்ணி நாணுதல் வேண்டும்.

சாப்மன் தகர்த்தது இருப்புப் பாதை. நம்மவர் மடிந்தது இருப்புப் பாதை போடும்போது. இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைத்து எடைபோட நான் முயலவில்லை. சாப்மனின் துணிவை மறுப்பார் அறிவிலர். கரந்துறை வீரருக்குச் சோறிட்ட குற்றத்துக்காகச் சீனக் குடியேறிகளின் குடிசைகளை யப்பானியர் எரித்தனர்; சோறிட்டவர்கள் உயிரைப் பணயம் வைக்காவிட்டால் சாப்மன் ஒரு திங்களும் வாழ்ந்திரார். வீரன் ஒருவனைத் தாங்கி நிற்போர் எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு வீரனை மட்டும் பாடமாக்குதலே பிழை.

ஆசிரிய நண்பர் சிலர், போர்க்கதை பிள்ளைகளுக்கு வேண்டாம், இந்நாடு 2009 வரை கண்ட போர் போதாதா என்கின்றனர். அவர்தம் அச்சத்தை நான் மதிக்கின்றேன். ஆனால் நாம் கொடாவிட்டாலும் பிள்ளைகள் திரைப்படத்தில் போர்க்கதை கண்டுகொண்டுதான் இருக்கின்றனர். ஒரு நாயகன் நூறு பேரை வீழ்த்திவிட்டுச் சட்டை கசங்காமல் திரும்புகின்றான். அதைக் காட்டிலும், யுத்தம் முடிந்தபின் செருமனியிலும் தென்னாபிரிக்காவிலும் தலைமை ஆசிரியராயிருந்து, உடல்நோயும் மனச்சோர்வும் தொடர, 1971இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட சாப்மனின் கதை மெய்யான கதை. காடு கொல்லாத அவரை அமைதிக்காலம் கொன்றது. இதையும் சேர்த்துச் சொன்னாற் போர்க்கதை நஞ்சாகாது. ஏகாதிபத்தியத்தின் ஊழியனைப் புகழ்வதேன் என்று வேறு சிலர் சினப்பர். யாருக்கு ஊழியஞ் செய்தார் என்பதை மறைக்காமலே ஒருவரின் மன உறுதியை வியக்கலாம் அன்றோ?

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாக நூலகத்துக்கு அலமாரி ஒன்று வழங்கப்படும் என்று அறிகின்றேன். அதில் சாப்மனின் நூலை வைப்பீராக. அதன் பக்கத்திலே தடித்த மட்டை போட்ட வெற்றுக் கொப்பிகள் ஒரு டசின் வைப்பீராக. யுத்த காலத்தில் பால் வெட்டியோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று எழுபதும் எண்பதும் கடந்து, காவத்தையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் லயத்து வாசலில் வெயில் காய்கின்றனர். உயர்தர வகுப்பு மாணவர் விடுமுறையில் அவரிடம் போய் அமர்ந்து, கொலைவெட்டைப் பற்றியும், பங்கீட்டு அரிசியைப் பற்றியும், மலாயாவிலிருந்து கடிதம் வராமற்போன சித்தப்பாவைப் பற்றியும் கேட்டு எழுதட்டும். நடையழகு வேண்டா, பாட்டி சொன்ன சொல்லைப் பாட்டி சொன்னபடியே எழுதினாற் போதும், எழுத்துப்பிழையை நான் திருத்திக்கொள்வேன். முதற் பக்கத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் இலக்கம், அதன்கீழ்ச் சொல்பவரின் முழுப்பெயர்.