எப்போது சமைத்தது?

ஆலையிலும் அலுவலகத்திலும் வீட்டுக்கொரு பண்டமெனக் கொணர்ந்து கூடியுண்பது நம் மடத்துக்குளம் வட்டாரத்திற்கு அழகே. ஆயினும், ‘நம்பி உண்ணலாமா?’ எனும் ஐயம் பலரிடம் எழுகின்றது. ஐயம் தவறன்று, அது தொடுக்கும் வினாவே நோக்கத்தக்கது.

‘யார் சமைத்தது?’ என்பது பழம்பிணி. 2018ஆம் ஆண்டில் இதே திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசி அருகே அரசுப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்மணி சத்துணவு சமைக்கலாகாதெனத் தடுத்தோரை மறந்தோமா?

‘எப்போது சமைத்தது?’ என்பதே அறிவு. அரிசியிலுள்ள பாசில்லஸ் சீரியஸ் எனும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் மடிவதில்லை. விடியலில் வடித்து, வெதுவெதுப்பாய் மூடிவைத்த சோற்றில் அவை நண்பகலுக்குள் பெருகும். அவை கக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. புளிச்சோறு ஓரளவு தாங்கும்; தேங்காய்ச்சோறும் நெய்ச்சோறும் தாங்கா. (நோன்புக் கஞ்சியைச் சுடச்சுட வழங்கிய நம் முன்னோர் விவரமறிந்தவரே!)

இவ்வினாவை நேரில் கேட்டால் சமைத்தவர் முகம் வாடும். தூக்குச்சட்டியின் மூடிமேல் சமைத்த நேரத்தை எழுதி ஒட்டிவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை.