இடமாற்றம் பரிகாரமாகாது

கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த 16 வயது மாணவி ஒருத்தி 2025 ஏப்ரல் 29ஆந் திகதி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். முன்னர் அவள் கற்ற பம்பலப்பிட்டிப் பாடசாலையின் ஆசிரியர் ஒருவர் அவளைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கினார் என்பது முதற் குற்றச்சாட்டு. பின்னர் தனியார் கல்வி நிலையம் ஒன்றின் உரிமையாளர் ஏனைய மாணவர் முன்னிலையில் அவளை அவமானப்படுத்தினார் என்பது இரண்டாவது. மே 8ஆந் திகதி பெற்றோரும் பொதுமக்களும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வீதிக்கு இறங்கினர். விடயம் பாராளுமன்றத்திலும் எதிரொலித்தது.

குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்நாளைய செய்திகளில் இருந்த ஒரு விபரம் இன்றும் என்னை உறுத்துகிறது. பொலிஸாரால் கைது செய்யப்பட்டுப் பிணையில் வந்த அந்த ஆசிரியர், புத்தளத்துப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் பெற்றிருந்தார். அவர் கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டதைப் பிள்ளை இறந்து, மக்கள் கொதித்தெழுந்த பின்னரே நாம் அறிந்தோம்.

பம்பலப்பிட்டிப் பிள்ளைகளின் அருகே இருக்கக்கூடாத ஒருவர், புத்தளத்துப் பிள்ளைகளின் அருகே மட்டும் எப்படி இருக்கலாம்? குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதியே. அதற்காக வகுப்பறையை அவரிடம் ஒப்படைக்க வேண்டுமா? விசாரணை முடியும்வரை பிள்ளைகள் இல்லாத கடமை ஒன்றில் அவரை அமர்த்த முடியாதா?

இதைக் கேட்கும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், வெள்ளவத்தையிலிருந்து ஒரு தந்தை இத்தகைய முறைப்பாட்டுடன் எங்கள் ஆசிரிய பீடத்துக்கு வந்தார். மறுநாளே வந்து, "போட வேண்டாம் ஐயா, பிள்ளையின்ர எதிர்காலம் கெட்டுப்போகும். அவருக்கு மாற்றம் குடுக்கிறதாச் சொல்லியிருக்கினம்" என்றார். நாங்களும் விட்டுவிட்டோம். பிள்ளையின் பெயரை மறைத்துச் செய்தியை வெளியிட்டிருக்கலாம். பாடசாலையின் நற்பெயர் என்ற சொல்லுக்கு நாங்களும் அன்று பணிந்துபோனோம். அந்த ஆசிரியர் எங்கு மாற்றப்பட்டார் என்று பின்னர் நான் விசாரிக்கவேயில்லை.

நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவானது. 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் முறையிடலாம். குறைவாக இருப்பது, முறையிட்ட பிள்ளையை நம்பும் மனம். அதிபரிடம் சொன்னால் மூடிமறைப்பார், வெளியில் சொன்னால் ஊர் பழிக்கும் என்ற நிலையில் பிள்ளை யாரிடம் போகும்? முறைப்பாடு பாடசாலைச் சுவருக்குள் முடிந்துவிடாமல், உடனடியாக வெளி அதிகாரிகளிடம் சென்றாக வேண்டும். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனை மாடிகளிலும் இயங்கும் ரியூட்டரிகளுக்கும் இதே விதி வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாளை ரியூஷன் முடிந்து வரும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்கும் முன்னர், அங்கு எவராவது மனம் நோகச் செய்தார்களா என்று கேளுங்கள். சொல்வதை நம்புங்கள்.