நாற்று நடுவதா? சந்தையில் வாங்குவதா?

அமெரிக்காவில் கிரீன்பே என்று ஓர் ஊர். விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள சிறிய நகரம். ஜனத்தொகை சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம். அந்த ஊர்க் கால்பந்து மைதானத்திலோ 81 ஆயிரம் பேர் உட்காரலாம்!

இது நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், தூர வீசுவார்கள். எதிரியை மோதிக் கீழே தள்ளுவார்கள். காலால் உதைப்பது எப்போதாவதுதான். ஆனாலும் அமெரிக்கர்கள் அதைக் கால்பந்து என்றே சொல்கிறார்கள்.

கிரீன்பே கோஷ்டியின் பெயர் 'பேக்கர்ஸ்'. போட்டியில் உள்ள மற்ற 31 கோஷ்டிகளுக்கும் பெரும் பணக்கார முதலாளிகள் உண்டு. பேக்கர்சுக்கு முதலாளி இல்லை. ஜனங்களே முதலாளி! 1923-ல் பணமுடை ஏற்பட்டபோது, ஊராருக்குப் பங்குகளை விற்று கோஷ்டியைக் காப்பாற்றினார்கள். இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கு மேல். அவர்களுக்கு லாபத்தில் ஒரு காசு வராது. பங்கை நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். கூட்டத்துக்குப் போகலாம். டைரக்டர்களுக்கு ஓட்டுப் போடலாம். அவ்வளவுதான்.

ஆனால் "இது என் கோஷ்டி" என்ற உரிமை இருக்கிறதே, அது பெரிது. அந்த உரிமையோடுதான் அவர்கள் சண்டை போடுகிறார்கள்.

எப்போது சண்டை? ஆட்டம் நடக்காத மாதங்களில்தான்!

போட்டிகள் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். அதற்குப் பிறகு ஜெனரல் மானேஜரின் வேலை மும்முரமாகும். ஆடக் கற்றுக்கொடுப்பவர் பயிற்சியாளர். யார் யார் ஆடுவது என்று ஆள் சேர்ப்பவர் ஜெனரல் மானேஜர். 53 பேரை அவர் திரட்டித் தரவேண்டும்.

ஆள் சேர்க்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. மார்ச் மாதத்தில், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்து வாங்கலாம். இது சந்தை. ஏப்ரல் மாதத்தில், கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களை ஒவ்வொரு கோஷ்டியும் முறைவைத்துப் பொறுக்கும். இதில் ஏழு சுற்றுகள். முந்தைய வருஷம் மிக மோசமாகத் தோற்ற கோஷ்டிக்கே முதல் உரிமை. இது நாற்றங்கால்.

சந்தையில் இஷ்டம்போல் செலவழிக்கவும் முடியாது. மொத்தச் சம்பளத்துக்கு 1994 முதல் உச்சவரம்பு உண்டு. அந்த வருஷம் அது 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025-ல் 27 கோடியே 92 லட்சம் டாலர். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்கவேண்டும். இளைஞர்களுக்கு முதல் சில வருஷங்கள் சம்பளம் குறைவு. அதனால்தான் நாற்றங்காலுக்கு இத்தனை மதிப்பு.

2005-ல் டெட் தாம்சன் என்பவர் கிரீன்பேயின் ஜெனரல் மானேஜர் ஆனார். அவரும் ஒரு காலத்தில் ஆட்டக்காரர். அதிகம் பேசமாட்டார். பத்திரிகைக்காரர்கள் என்ன கேட்டாலும் இரண்டொரு வார்த்தையில் முடித்துவிடுவார். இளைஞர்களைப் பொறுக்கி வளர்ப்பதே அவர் வழி.

அந்த ஏப்ரலில் அவர் செய்த முதல் காரியமே ரசிகர்களைத் திகைக்க வைத்தது. கோஷ்டியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். கிரீன்பேயில் அந்த இடத்தில் பிரெட் பார்வ் இருந்தார். ஊரே கொண்டாடிய வீரர். 1997 ஜனவரியில் கோப்பையை வென்று கொடுத்தவர். அவர் இருக்கும்போதே, தாம்சன் ஆரன் ராட்ஜர்ஸ் என்ற 21 வயது இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். முதலிடத்திலேயே எடுக்கப்படலாம் என்று பேசப்பட்டவர் ராட்ஜர்ஸ். 23 பேர் முடிந்தும் அவரை ஒருவரும் எடுக்கவில்லை. 24-வதாக கிரீன்பே எடுத்தது. வந்தவர் மூன்று வருஷம் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார்.

2008 மார்ச்சில் பார்வ் கண்ணீரோடு ஓய்வு அறிவித்தார். கோடையில் மனம் மாறித் திரும்பி வந்தார். தாம்சன் அசையவில்லை. ஆகஸ்டில் பார்வ் நியூயார்க் ஜெட்ஸ் கோஷ்டிக்கு அனுப்பப்பட்டார்.

ஊர் கொந்தளித்தது. பயிற்சியில் இருந்த ராட்ஜர்சைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அந்த வருஷம் 6 வெற்றி, 10 தோல்வி. அடுத்த வருஷம் பார்வ், பகை கோஷ்டியான மின்னசோட்டாவில் சேர்ந்து கிரீன்பேயை இரண்டு முறையும் தோற்கடித்தார். தாம்சனை எதிர்த்தவர்களுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் 2011 பிப்ரவரி 6-ந் தேதி சாட்சி மாறியது. பிட்ஸ்பர்க் கோஷ்டியை 31-25 என்று வென்று கிரீன்பே கோப்பையைத் தூக்கியது. சிறந்த ஆட்டக்காரர் பரிசு ராட்ஜர்சுக்கு! அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் தாம்சன் வளர்த்த நாற்றுகள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சண்டையும் முடிந்திருக்கும். முடியவில்லை.

அந்த வெற்றியில் சந்தையில் வாங்கிய ஒருவருக்கும் பங்கு உண்டு. சார்லஸ் வுட்சன் என்ற தற்காப்பு வீரரைத் தாம்சன் 2006-ல் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 29. முந்தைய வருஷம் கால் முறிந்தவர். அவரை வாங்கியதுதான் தாம்சனின் கெட்டிக்காரத்தனம். 2009-ல் நாட்டிலேயே சிறந்த தற்காப்பு வீரர் என்ற விருதை வுட்சன் பெற்றார். சந்தை வேண்டாம் என்று சொல்பவர்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

தாம்சனும் கொஞ்சம் மறந்துவிட்டார். கோப்பைக்குப் பிறகு வந்த வருஷங்களில் அவர் சந்தைக்குப் போனது அபூர்வம். 2014-ல் ஜூலியஸ் பெப்பர்ஸ் என்ற மூத்த வீரரை வாங்கினார். அந்தப் பருவத்தில் இறுதிப் போட்டிக்கு நெருங்கியும் விட்டார்கள். சியாட்டிலில், ஐந்து நிமிஷம் இருக்கும்போது 19-7 என்று முன்னணி! கடைசியில் 28-22 என்று தோற்றார்கள். 2017 ஜனவரியிலோ அட்லாண்டாவிடம் 44-21 என்று படுதோல்வி. 44 என்றால், தடுக்க ஆளில்லை என்று அர்த்தம்.

ரசிகர்கள் கேட்டது இதுதான்: ராட்ஜர்ஸ் போன்ற வீரர் ஒரு தலைமுறைக்கு ஒருவர். அவருக்கும் வயது ஏறுகிறது. இப்போது பெட்டியைத் திறக்காமல் எப்போது திறப்பது?

இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நாற்று விடுபவர் பொறுமையாக இருக்கலாம். முற்றிய கதிர் பொறுக்காது. 2005-ல் பத்து வருஷத்துக்கு அப்பால் பார்த்த அதே கண், 2015-ல் பக்கத்தில் இருந்த வருஷத்தைப் பார்க்கத் தவறிவிட்டது. சிக்கனம் நல்ல குணந்தான். அதையே மாறாத விதியாக வைத்துக்கொண்டதுதான் தாம்சனின் குறை.

2017-ல் ராட்ஜர்சின் தோள்பட்டை அருகே எலும்பு முறிந்தது. கோஷ்டி 7 வெற்றி, 9 தோல்வியோடு நின்றது. 2018 ஜனவரியில் தாம்சன் பதவியை விட்டு விலகினார். 2021 ஜனவரியில் காலமானார். அன்று அவரைத் திட்டியவர்களும் புகழ்ந்தார்கள். ஜனங்கள் எங்கும் இப்படித்தான்.

அடுத்து வந்த பிரையன் கூடகுன்ஸ்ட், ரசிகர்கள் கேட்டதைக் கொடுத்தார். 2019 மார்ச்சில் சந்தையில் நான்கு பேரை வாங்கினார். பலன் உடனே தெரிந்தது. 13 வெற்றி, 3 தோல்வி! அடுத்த வருஷமும் அதே கணக்கு. அப்படியும் கோப்பை வரவில்லை. பெட்டியைத் திறந்தால் போதும் என்று சொன்னவர்களுக்கு இது கசப்பான பாடம்.

அவரும் தாம்சனின் சீடர்தான். 2020-ல், ராட்ஜர்ஸ் இருக்கும்போதே, ஜோர்டன் லவ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தார். 2005-ல் நடந்த அதே காட்சி! இந்த முறை மனம் நொந்தவர் ராட்ஜர்ஸ். 2023 ஏப்ரலில் அவரும் நியூயார்க் ஜெட்சுக்கே போய்ச் சேர்ந்தார்.

2025 ஆகஸ்டில் கூடகுன்ஸ்ட் தம் குருநாதர் கனவிலும் செய்யாத காரியத்தைச் செய்தார். டல்லாஸ் கோஷ்டியின் மைக்கா பார்சன்ஸ் என்ற தற்காப்பு வீரரை வாங்கினார். விலை, 2026, 2027 தேர்வுகளின் முதல் சுற்று உரிமைகள். கூடவே கென்னி கிளார்க் என்ற அனுபவசாலி. பார்சன்சுக்கு நான்கு வருஷத்துக்கு 18 கோடியே 80 லட்சம் டாலர் சம்பளம். இரண்டு வருஷ நாற்றங்காலின் முதல் பாத்தியே போய்விட்டது என்று ஒரு கட்சி. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான் என்று மறு கட்சி.

பார்சன்ஸ் பிரமாதமாக ஆடினார். டிசம்பர் 14-ந் தேதி, டென்வரில் நடந்த ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த வருஷ ஆட்டம் அவருக்கு அத்தோடு முடிந்தது.